பால்கோவா தேடுபவர்கள் என்ன தட்டுகிறார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை நடத்தும் ஓர் அண்ணாச்சியின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்கிறேன். பொறுப்பை என் கையில் கொடுத்தபோது அவர் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: “கூகுளில் பால்கோவா என்று போட்டால் நம் கடைதான் முதலில் வரவேண்டும், தம்பி.” அது இன்றுவரை நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று நான் மெனக்கெடவும் இல்லை. ஆனால் தளத்தின் வழியாக வரும் வெளியூர் ஆர்டர்கள் கூடியிருக்கின்றன. குற்றாலச் சீசனில் வரைபடத்தைப் பார்த்துக் கடை வாசலில் வந்து நிற்கும் கார்களும் கூடியிருக்கின்றன. அது எப்படி நடந்தது என்று எழுதி வைத்தால் சிறு வியாபாரிகளுக்கும், அவர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பவர்களுக்கும் உதவும்.

‘பால்கோவா’ என்ற ஒற்றைச் சொல்லை யாரெல்லாம் தட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் பால் மிஞ்சிப்போனவர் செய்முறை தேடுகிறார். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கேள்விக்காகத் தேடுகிறார்கள். வாங்க நினைப்பவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார், ஆனால் சிறுபான்மையாக. எனவே கூகுள் செய்முறைகளையும் யூடியூப் வீடியோக்களையும் முன்னே அடுக்குகிறது. அந்த வரிசைக்குள் ஒரு கடை நுழைய வேண்டுமானால் சமையல் தளங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். மல்லுக்கட்டி ஜெயித்தாலும் உள்ளே வருபவர்களில் பலர் ஏலக்காய் எப்போது போடுவது என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். (ஸ்ரீவில்லிபுத்தூர் பாணியில் பாலும் சர்க்கரையும் மட்டுந்தான் என்பது வேறு விஷயம்.)

இதை அண்ணாச்சிக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. காரணம், அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு தன் கைப்பேசியில் தேடினால் அவர் கடைதான் மேலே வந்தது. தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறும்; கடைக்குள்ளேயே நிற்பவருக்கு அந்தக் கடையைக் காட்டுவதில் என்ன ஆச்சரியம்? சென்னையில் இருக்கும் மருமகனைத் தேடச்சொல்லித் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பச் சொன்னேன். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினார். உங்கள் பக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உங்கள் கைப்பேசியை வைத்து முடிவுசெய்யாதீர்கள். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடினாலும் இருப்பிடம் மறைவதில்லை. கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் 16 மாதங்களுக்குக் கிடைக்கும். அதுவே நம்பத்தக்க கணக்கு.

நான் பொறுப்பேற்பதற்கு முன் ஒரு விளம்பர நிறுவனம் இந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘முதலிடத்துக்கு உத்தரவாதம்’ என்று சொல்லி மாதாமாதம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்றதைத் திறந்து பார்த்தபோது பழைய தந்திரங்களின் அருங்காட்சியகம்போல இருந்தது. ‘மதுரையில் பால்கோவா’, ‘கோயம்புத்தூரில் பால்கோவா’, ‘திருச்சியில் பால்கோவா’ என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிய பக்கங்கள். அந்த ஊர்களில் கடைக்குக் கிளையே கிடையாது. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப. மாத அறிக்கையில் ‘மெட்டா கீவேர்டு சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி; பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களை அடுக்கும் குறிச்சொல் அது. அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. போதாக்குறைக்கு, பால்கோவாவுக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுத் தளங்களிலிருந்து விலைக்கு வாங்கிய இணைப்புகள்.

2011-இல் பாண்டா, 2012-இல் பெங்குவின் என்ற பெயர்களில் கூகுள் தன் கணக்கீட்டை மாற்றியதே இந்த மாதிரி வேலைகளை ஒடுக்கத்தான். முன்னது சரக்கில்லாத பக்கங்களைக் குறிவைத்தது, பின்னது போலி இணைப்புகளையும் சொல் திணிப்பையும். பத்தாண்டுக்கு மேலாகியும் இவற்றை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப்பக்கங்களை எல்லாம் நீக்கி, அவற்றின் முகவரிகளை ‘வெளியூர் ஆர்டர்’ என்ற ஒரே பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தின் மூலம் திருப்பிவிட்டேன். வெள்ளை எழுத்துகளை அழித்தேன். இணைப்பு விற்ற கணக்கை நிறுத்தச் சொன்னேன். இதனால் மட்டும் எந்தப் பக்கமும் மேலே ஏறிவிடவில்லை. இடிபாடுகளை அகற்றினால் மனை கிடைக்கும், வீடு தானாக எழும்பாது.

வேலை உண்மையில் தொடங்கியது தொலைபேசிக்குப் பக்கத்தில். கடையின் கல்லாவில் பெரும்பாலும் இருப்பது மதினிதான், அண்ணாச்சியின் மனைவி. ஆர்டர் எடுப்பது, விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர். என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், “குறித்து வைக்க என்ன இருக்கிறது, எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள்” என்றார். ஆனாலும் எழுதி வைத்தார். சென்னைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? வெளியே வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடுமா, பிறகு என்ன செய்வது? வெளிநாட்டுக்கு எடுத்துப்போகலாமா? கிலோ என்ன விலை? கால் கிலோ பாக்கெட் உண்டா? கோவிலிலிருந்து கடைக்கு எப்படி வருவது, கார் நிறுத்த இடம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு மொத்தமாகக் கிடைக்குமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

அந்த நோட்டையும் சர்ச் கன்சோலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தொலைபேசியில் கேட்பதும் தேடுபெட்டியில் தட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நோட்டில் இருந்த சில கேள்விகள் சர்ச் கன்சோலில் இல்லை. மிகச் சிலரே தட்டும் சொற்களைத் தனியுரிமை கருதிக் கூகுள் அந்த அறிக்கையில் காட்டுவதில்லை. எனவே எண்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் மதினிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போயிருக்கும். விலை உயர்ந்த சொல்லாய்வு மென்பொருள்களை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். தமிழில், அதிலும் ஒரு மாவட்டத்துப் பண்டத்துக்கு, அவை தரும் தகவல் மிகச் சொற்பம். கல்லாவில் இருப்பவரின் காதுக்கு அவை ஈடாகாது.

பக்கத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? ‘பாரம்பரியச் சுவை, தலைமுறைகள் தாண்டிய தரம், உங்கள் இல்லத்தின் இனிமை’ என்ற ரகத்தில் மூன்று பத்திகள். எந்த இனிப்புக் கடையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதைத் தூக்கிவிட்டு, மதினியின் பதில்களை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். வெளியே வைத்தால் எத்தனை நாள், ஃபிரிட்ஜில் எத்தனை நாள், கோடையில் எத்தனை நாள் என்று அவர் அனுபவத்தில் கண்ட கணக்கு முதலில். அடுத்து விலை. அடுத்து எந்த ஊருக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும், எத்தனை மணிக்குள் ஆர்டர் வந்தால் அன்றே கிளம்பும். இறுகிப்போனதை எப்படி மறுபடி இளக்குவது என்று மதினியின் கைப்பக்குவம் ஒன்றும் சேர்ந்தது. அந்த ஒரு பத்தி வேறு எந்தக் கடையின் தளத்திலும் இல்லை. ‘பால்கோவா எத்தனை நாள் கெடாமல் இருக்கும்’ என்ற மாதிரித் தேடல்களுக்கு இரண்டாம் பக்கத்தில் கிடந்த எங்கள் பக்கம் முதல் பக்கத்துக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

விலையைப் போடுவதற்கு அண்ணாச்சி எளிதில் சம்மதிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பார்த்து ஐந்து ரூபாய் குறைத்துவிடுவார் என்பது அவர் பயம். பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் விலை தெரியாமலா இருக்கிறது, சாலையைத் தாண்டி வந்து பலகையைப் பார்த்தால் போதுமே என்றேன். மதினியும் என் பக்கம் நின்றார்; விலை கேட்டு மட்டும் வரும் அழைப்புகள் அவருக்குச் சலித்துப்போயிருந்தன. விலை ஏறிய பிறகு பழைய விலை தளத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் சண்டை வரும், அது நியாயமான கவலை. அதற்காக விலைப் பட்டியலுக்கு மேலே ‘இந்த விலை இந்தத் தேதி முதல்’ என்று ஒரு வரி வைத்தோம். விலையை மாற்ற மதினிக்கே கடவுச்சொல் கொடுத்தாயிற்று.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் கிடைத்தது அங்கேதான். உலாவியின் தாவலிலும் தேடல் முடிவில் நீல எழுத்திலும் தெரியும் டைட்டில் பல சிறு கடைகளின் தளங்களில் ‘முகப்பு’ அல்லது ‘நல்வரவு’ என்றே இருக்கிறது. எங்கள் தளத்திலும் அப்படித்தான் இருந்தது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா: விலை, வெளியூர் டெலிவரி’ என்று ஊர், பண்டம், வந்தவருக்கு வேண்டியது மூன்றையும் சொல்லும்படி மாற்றினேன். கடையின் பெயர் கடைசியில். அண்ணாச்சிக்குக் கடைப்பெயர் முதலில் வராதது வருத்தம். கடைப்பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்துவிடுவார் என்று சமாதானம் சொன்னேன்.

தமிழில் டைட்டில் எழுதும்போது இன்னொரு சங்கடம். எத்தனை எழுத்து என்பதை வைத்து அது வெட்டப்படுவதில்லை; திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. நம் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்குச் சொல்லும் அறுபது எழுத்துக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதி வாக்கியம் புள்ளிகளாகிவிடும். அதனால் முக்கியமானது முதல் நான்கைந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். கீழே வரும் விவரிப்பு வரி தரவரிசையை ஏற்றாது, ஆனால் பார்ப்பவரைச் சொடுக்க வைக்கும். பக்கத்துக்குப் பொருந்தாத டைட்டிலையும் விவரிப்பையும் கூகுள் தானே மாற்றி எழுதிக் காட்டுவதும் உண்டு. உங்களுடையதை அது அடிக்கடி மாற்றுகிறது என்றால் பக்கத்தில் இருப்பதும் தலைப்பில் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்று கொள்ளலாம்.

இனி எழுத்து விவகாரம். ஊர்ப்பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் வழங்குகிறது, திருவில்லிபுத்தூர் என்றும் வழங்குகிறது. ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஒற்றை டி போடுகிறார்கள், இரட்டை டி போடுகிறார்கள், டி-எச் போடுகிறார்கள். பால்கோவாவின் நடுவில் கே போடுபவர்களும் ஜி போடுபவர்களும் சரிபாதியாக இருப்பார்கள்போல. பழைய நிறுவனம் இத்தனை வடிவங்களையும் காற்புள்ளி வைத்துப் பக்கத்தின் அடியில் கொட்டியிருந்தது. அது தேவையில்லை. சாதாரண எழுத்துப் பிழைகளையும் மாற்று எழுத்துக்கோர்வைகளையும் தேடுபொறி தானே புரிந்துகொள்கிறது. நான் செய்தது இவ்வளவே: தமிழ்ப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதே முதன்மை, ஊரைப் பற்றிப் பேசும் இடத்தில் திருவில்லிபுத்தூர் இயல்பாக வரும். ஆங்கில எழுத்தில் தேடுபவர்களுக்காகத் தனியாக ஓர் ஆங்கிலப் பக்கம். ஒன்றின் மொழிமாற்று வடிவம் மற்றொன்று என்று தேடுபொறிக்குச் சொல்லும் எச்ரெஃப்லேங் (hreflang) குறிப்பு இரண்டிலும். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றி எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்தின் மொழி எது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்தே கூகுள் தீர்மானிக்கிறது. கலவையாக எழுதினால் அதைக் குழப்புவதுதான் மிச்சம்.

‘ஸ்ரீ’ என்ற எழுத்து தனிக்கதை. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுத் தரமான யூனிகோடில் அதை இரண்டு வழிகளில் உள்ளிட முடியும். பழைய விசைப்பலகைகள் ‘ஸ’ எழுத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கும். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதை அடிப்படையாகக் கொண்ட வடிவம் வந்தது. திரையில் இரண்டும் ஒரே உருவம், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். எங்கள் தளத்தின் உள்தேடலில் ஒன்றைத் தட்டினால் மற்றொன்றால் எழுதிய பக்கங்கள் வரவே இல்லை. ஸ்ரீரங்கம், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எந்த ஊரைப் பற்றித் தளம் வைத்திருந்தாலும் இதைச் சோதித்துப் பாருங்கள். தளம் முழுவதும் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு, உள்தேடலில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்க்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தேடுபொறிக்கு அது ஒரு தடை இல்லை. ஆனால் தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள்) விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்ற ஒரு சொல் மட்டும் 162 எழுத்துகள். அந்த நீண்ட வாலைப் பார்த்துவிட்டு, இது ஏதோ வைரஸ் என்று பயந்து திறக்காமல் விடுபவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்து வருபவர்கள். ஆகவே முகவரி ஆங்கில எழுத்தில், சின்னதாக.

பழைய தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கம் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருப் பழக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அழகான தமிழ். எழுத்துருவை நீக்கினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தேடுபொறி படிப்பது அந்த உள்ளே இருப்பதைத்தான். அச்சகத்தில் துண்டறிக்கைக்குச் செய்த கோப்பை அப்படியே ஒட்டியதால் வந்த வினை. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, பிழைதிருத்தி ஏற்றினேன். முகப்பில் இருந்த பெரிய பதாகைப் படத்திலும் விலையும் தொலைபேசி எண்ணும் படத்தின் பகுதியாகவே இருந்தன. பதாகையைப் படமாக விட்டுவிட்டு, அந்த விவரங்களை எழுத்தாகக் கீழே வைத்தேன். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி செய்தபோது மதினிக்கு வேலை கூடிவிட்டது.

வேகம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்துகள் இடம் விட்டு இடம் குதிக்கக் கூடாது. கூகுள் வைத்திருக்கும் மூன்று அளவுகோல்கள் இவை. எங்கள் தளத்தில் அடுப்படியில் எடுத்த படங்கள் கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டிருந்தன. அவற்றைச் சுருக்கி, குறைந்த இடம் பிடிக்கும் வெப்பி (WebP) படவடிவுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அகல உயரம் குறித்தேன். திரையில் முதலில் தெரியும் படத்தை மட்டும் தாமதமாக ஏற்றும் பட்டியலிலிருந்து நீக்கினேன். அலங்காரத் தமிழ் எழுத்துரு மூன்று தடிமன்களில் இறங்கிக்கொண்டிருந்தது, ஒன்று போதும் என்று விட்டேன். சோதிப்பதற்கு அலுவலக வைஃபை உதவாது. ராஜபாளையம் பேருந்தில் உட்கார்ந்து, சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஏறி இறங்கும்போது திறந்து பாருங்கள். வேகம் நல்லது என்பதற்காக யாரும் உங்களை முதலிடத்தில் வைத்துவிடமாட்டார்கள். வந்தவர் திரும்பிப் போகாமல் இருக்க அது வேண்டும்.

உள்ளூர் வியாபாரத்துக்குத் தளத்தைவிடப் பெரிய விஷயம் வரைபடம். மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் குற்றாலம் போகும் சாலை ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டுத்தான் போகிறது. சாரல் தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறுகளில் காரில் போகிறவர்கள் ஊர் நெருங்கும்போது ‘பக்கத்தில் பால்கோவாக் கடை’ என்று தேடுகிறார்கள். அவர்களுக்கு முதலில் கிடைப்பது வரைபடமும் அதற்குக் கீழே மூன்று கடைகளும். தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்த்தே அந்த வரிசை அமைகிறது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டில் நம் கை இருக்கிறது.

எங்கள் கடையின் குறி அடுத்த தெருவில் நின்றுகொண்டிருந்தது. யாரோ கணக்குத் தொடங்கியபோது தோராயமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர்கள் சுற்றிச் சுற்றி, கடைசியில் வேறு கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். குறியைச் சரியான வாசலுக்கு நகர்த்தினோம். கடைப்பெயரோடு ‘சிறந்த பால்கோவா ஆன்லைன்’ என்றெல்லாம் ஒட்டியிருந்ததை எடுத்தோம். பலகையில் இருக்கும் பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வரைபடத்தில் உள்ள கடைப்பக்கத்தையே கூகுள் முடக்கிவிட வாய்ப்புண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், தெருவுக்குள் வண்டி வருமா என்பதையெல்லாம் முன்கூட்டியே போட்டோம். தளத்திலும் வரைபடத்திலும் பாக்கெட்டின் மேலும் ஒரே முகவரி, ஒரே எண். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் தளத்தில் வைத்தோம். அது தரவரிசைக்காக அல்ல. முன்பின் தெரியாத கடைக்கு முன்பணம் அனுப்புகிறவருக்காக.

மதிப்புரைகளில் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு கிராம் இலவசம். வேண்டாம் என்று தடுத்தேன். அது விதிமீறல் என்பது ஒரு பக்கம். எல்லாம் ஒரே மாதிரி ‘சூப்பர்’ என்று நிறைந்திருக்கும் பட்டியலை யாரும் நம்புவதில்லை என்பது இன்னொரு பக்கம். ‘சர்க்கரை தூக்கல்’ என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். அண்ணாச்சி கோபத்தில் எழுதச் சொன்ன பதிலை நான் எழுதவில்லை. காலையில் இறக்குவதற்கும் மாலையில் இறக்குவதற்கும் பதம் கொஞ்சம் வேறுபடும், சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று மதினி சொன்னதை எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சர்க்கரை குறைத்துக் கேட்டு அழைத்தவர்கள் உண்டு.

பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் இன்றும் முக்கியம்தான். கூகுள் 1998-இல் பிறந்ததே, ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கலாம் என்ற யோசனையிலிருந்துதான். ஆனால் கேட்டு வாங்கக்கூடிய நேர்மையான இணைப்புகள் பக்கத்திலேயே இருக்கும்போது ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? எங்களிடம் சரக்கு எடுத்து விற்கும் வெளியூர்க் கடைகளில் சிலவற்றுக்குத் தளம் இருந்தது. எங்கிருந்து வாங்குகிறோம் என்று அங்கே ஒரு வரி போடச் சொன்னோம். விறகடுப்பில் பால் சுண்டுவதை ஆரம்பம் முதல் இறக்கும் வரை படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்று தளத்தில் எழுதினோம். பயணக் கட்டுரை எழுதுபவர்கள் சிலர் எடுத்துக்கொண்டு இணைப்பும் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அவை இந்தப் பண்டத்தையும் இந்த ஊரையும் பற்றிப் பேசும் பக்கங்கள்.

பக்கத்தில் எது விலை, எது கடை நேரம் என்று தேடுபொறிக்குச் சொல்ல நிரலில் சேர்க்கும், ஸ்கீமா எனப்படும் கட்டமைப்புக் குறிப்புகளைப் பெரிய மந்திரம்போல விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். விலை, இருப்பு, கடை நேரம் ஆகியவற்றைக் குறிப்பது நல்லது, நாங்களும் செய்திருக்கிறோம். கேள்வி–பதில் குறிப்பைச் சேர்த்தால் தேடல் முடிவிலேயே கேள்விகள் விரிந்து தெரியும் என்பார்கள். 2023 ஆகஸ்டிலேயே அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. தன் கடைக்குத் தன் தளத்திலேயே மதிப்பெண் போட்டு நட்சத்திரம் காட்டும் வித்தையும் 2019-இலிருந்து பலிப்பதில்லை.

2024-இல் இந்தியாவிலும் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வரத் தொடங்கியது. எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கான பதிலை அங்கேயே படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகைத் தேடல்களில் எங்கள் பக்கம் மேலே இருந்தும் சொடுக்குகள் குறைகின்றன. அதற்காகப் பதிலை ஒளித்து வைக்கவில்லை. சுருக்கத்தால் தர முடியாதவற்றைப் பதிலுக்கு அடுத்த வரியிலேயே வைக்கிறோம்: இன்றைய விலை, இன்று அடுப்பிலிருந்து இறங்கும் நேரம், எத்தனை மணிக்குள் சொன்னால் இன்றே பார்சல் ஏறும் என்ற விவரம். மதினி காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த மூன்றையும் கைப்பேசியிலேயே திருத்திவிடுகிறார். அண்ணாச்சி இப்போது ‘பால்கோவா மொத்த விலை’ என்ற தேடலில் எத்தனையாவது இடம் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். அதற்குத் தனிப்பக்கம் எழுத வேண்டும். கல்யாண ஆர்டர் எடுக்கும்போது வரும் கேள்விகளை மதினி நோட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.